இளஞ்சிவப்பு நடை: மார்பகப் புற்றுநோய்க்கான நன்கொடை நடையில் கலந்துகொள்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால், நாட்டின் பல நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் இளஞ்சிவப்பு நிறம் பூசிக்கொள்கின்றன. பூங்காக்களிலும் திடல்களிலும் பொழுது விடியும் முன்பே ஒரே நிற டி-சட்டை அணிந்த கூட்டம் திரள்கிறது. முன்னே பதாகை, ஓரத்தில் மைலோ வண்டி, மேடையில் உடற்பயிற்சி இசை. ஏழு, ஏழரை மணிக்குக் கூட்டம் நகரத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடுகிறது.

பார்ப்பதற்குக் கொண்டாட்டம் போலத் தெரியும் இந்த நடைக்குப் பின்னால் ஒரு கனமான விஷயம் இருக்கிறது. மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அதைப் பற்றி நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசுவது இன்னும் அரிதாகவே உள்ளது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை மகளிடம்கூடச் சொல்லாமல், தீபாவளி முடியட்டும், பேரப்பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் தாய்மார்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், பட்டணத்திலும் இருக்கிறார்கள். அந்த மௌனத்தைக் கலைப்பதற்கான எளிய வழிகளில் ஒன்றுதான் இந்த நடை.

இந்த நடைகள் குறித்த அறிவிப்புகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலுமே வருகின்றன. எப்படிப் பதிவது, கட்டும் பணம் எங்கே போகிறது, இனிப்புநீர் உள்ளவர் நடக்கலாமா, சிகிச்சையில் இருப்பவர் வரலாமா, நடந்து முடித்த பிறகு என்ன செய்வது போன்ற கேள்விகளுக்கான தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

நடை தோன்றிய கதை

மார்பகப் புற்றுநோய்க்காக மக்கள் கூடி ஓடுவதும் நடப்பதும் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம். சூசன் கோமன் என்ற பெண் 1980ல், 36 வயதில் இந்நோயால் இறந்தார். அவருடைய தங்கை நான்சி பிரிங்கர் 1982ல் அக்காவின் பெயரில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1983ல், டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் அந்த நிறுவனம் நடத்திய முதல் ஓட்டத்தில் சுமார் 800 பேர் கலந்துகொண்டனர். "மார்பகம்" என்ற சொல்லையே பொது மேடையில் உச்சரிக்கத் தயங்கிய காலம் அது. அந்த ஓட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

அக்டோபர் மாதத்தை விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிப்பது 1985ல் தொடங்கியது. இளஞ்சிவப்பு நாடா அதற்கும் பிந்தியது. 1991ல் நியூயார்க் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கு இளஞ்சிவப்பு நாடா வழங்கப்பட்டது. அதே காலகட்டத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லட் ஹேலி என்ற பெண்மணி, புற்றுநோய்த் தடுப்புக்கு அரசாங்கம் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு, வீட்டில் தம் கையாலேயே பீச் பழ நிறத்தில் நாடாக்களைத் தயாரித்து விநியோகித்து வந்தார். 1992ல் ஒரு பெண்கள் இதழும் எஸ்டே லாடர் அழகுப்பொருள் நிறுவனமும் சேர்ந்து இளஞ்சிவப்பு நாடாவைக் கடைகள் வழியாக நாடெங்கும் கொண்டுசென்றன. அதன் பிறகே அந்த நிறம் இந்நோயின் அடையாளமாக நிலைபெற்றது.

மலேசியாவில் தேசியப் புற்றுநோய் சங்கம் 1966 முதல் இயங்கி வருகிறது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் மற்ற நோயாளிகளுக்குத் துணை நிற்கும் மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986ல் உருவானது. மக்னா என்று பரவலாக அறியப்படும் தேசியப் புற்றுநோய் மன்றம் 1994ல் தொடங்கப்பட்டது. இத்தகைய அமைப்புகளுடன் மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், ரோட்டரி, லயன்ஸ் மன்றங்கள், தனியார் நிறுவனங்கள் ஆகியவையும் நிதி திரட்டும் நடைகளை நடத்துகின்றன. சிங்கப்பூரில் 1997ல் தொடங்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் இளஞ்சிவப்பு நாடா நடையை நடத்தி வருகிறது. ஜொகூர் பாரு வாசகர்கள் சிலருக்கு அதுவே பக்கத்தில் நடக்கும் நடையாக இருக்கலாம்.

எண்கள் சொல்வது என்ன?

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கையின்படி, மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மார்பகப் புற்றுநோய். இனவாரியாகப் பார்த்தால் சீனப் பெண்களுக்கு அடுத்து இந்தியப் பெண்களிடமே இந்நோய் அதிகம் காணப்படுகிறது. இதைவிடக் கவலை தருவது வேறொன்று. நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிய பிறகே கண்டறியப்படுகிறது.

இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதைச் சுகாதார அமைச்சு 2018ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை 2016 வரை கண்காணித்த ஆய்வு அது. முதல் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 87.5 விழுக்காடு. இரண்டாம் கட்டத்தில் 80.7. மூன்றாம் கட்டத்தில் 59.7. நான்காம் கட்டத்தில் 23.3 மட்டுமே.

ஒரே நாடு, அதே அரசாங்க மருத்துவமனைகள். அப்படியிருந்தும் 87க்கும் 23க்கும் இடையே இவ்வளவு தூரம். அந்தத் தூரத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, வீட்டுக்குள் கழிந்துபோகும் மாதங்களில் இருக்கிறது. நடைகளில் "முன்கூட்டியே கண்டறியுங்கள்" என்று எழுதிய பதாகையைத் தூக்கிச் செல்வதற்கான காரணமும் இதுவே.

எந்த நடை? பணம் எங்கே போகிறது?

பதிவுக் கட்டணம் கட்டும் முன் நடத்துபவர் யார் என்று பார்ப்பது முக்கியம். நற்பெயருள்ள அமைப்பு சங்கப் பதிவிலாகாவிலோ மலேசிய நிறுவன ஆணையத்திலோ பதிவு பெற்றிருக்கும். பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தரும். பணம் செலுத்தும் வங்கிக் கணக்கு அந்த அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கோ, புலனத்தில் மட்டும் வந்த கியூஆர் குறியீட்டுக்கோ பணம் அனுப்பிவிட்டு ஏமாறுவதைவிட, அமைப்பின் அலுவலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கட்டணத்தில் எவ்வளவு டி-சட்டைக்கும் மேடைக்கும் போகிறது, எவ்வளவு நோயாளிகளுக்குப் போகிறது? அந்தப் பணம் சோதனைக்கா, சிகிச்சைக்கா, ஆய்வுக்கா? கணக்கு எப்போது, எங்கே வெளியிடப்படும்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "வாங்கும் முன் யோசியுங்கள்" என்ற கருத்தில் இளஞ்சிவப்பு நிறத்தை வணிகமாக்குவதை எதிர்க்கும் இயக்கம் ஒன்று அமெரிக்காவில் 2002லேயே நோயாளிகள் அமைப்பின் முயற்சியில் உருவானது. பொருளில் நாடாவை ஒட்டிவிட்டு, எவ்வளவு நன்கொடை கொடுக்கப்பட்டது என்று சொல்லாத நிறுவனங்களை நோக்கியே அந்தக் கேள்வி எழுந்தது.

நன்கொடை கொடுப்பவர்கள் ரசீது கேட்டு வாங்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருந்தால், ரொக்க நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு. அதற்கு ரசீதில் அந்த அங்கீகார விவரம் இடம்பெற்றிருக்க வேண்டும்.

நடைக்காகத் தாமே பணம் திரட்டித் தர விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறவினர், நண்பர், வேலையிடத் தோழர்களிடம் கேட்பது ஒரு வகை. வீடு வீடாகச் சென்றோ, சந்தையிலும் சாலையிலும் உண்டியல் குலுக்கியோ திரட்டுவது வேறு. இரண்டாவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசின் உரிமம் தேவை. ஏற்பாட்டாளர் அதை எடுத்திருக்கிறாரா என்று கேட்ட பிறகே உண்டியலைக் கையில் வாங்க வேண்டும்.

குழுவாகச் சேர்வது

தனியாகப் போவதைவிடக் குழுவாகப் போவதே நம்மவர்களுக்கு இயல்பாக அமையும். கோயில் மாதர் பிரிவு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மணிமன்றம், தோட்டத் தொழிற்சங்கக் கிளை என்று எதன் பெயரிலும் சேரலாம். குழுப் பதிவுக்குப் பல நடைகளில் கட்டணச் சலுகை உண்டு. தோட்டத்திலிருந்து விடியற்காலையில் பொதுப் பேருந்து கிடைக்காது என்பதால், வேன் ஏற்பாடுதான் முதல் வேலை. பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். முன்கூட்டியே கேட்டால் வாடகை பேசிக்கொள்ளலாம்.

குழுவில் ஆண்களும் இருக்க வேண்டும். மனைவியோ தாயோ கட்டி இருப்பதைச் சொன்னால், கிளினிக்குக்கு வண்டியில் ஏற்றிச் செல்லப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். நூறு நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவர் ஆண் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நகரத்துக்குப் போக முடியாதவர்கள் தங்கள் தோட்டத்திலேயே, குடியிருப்பிலேயே சிறு நடை நடத்தலாம். கோயிலிலிருந்து பள்ளித் திடல்வரை இரண்டு கிலோமீட்டர் போதும். தோட்டச் சாலை என்றால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பொதுச் சாலை என்றால் போலீசிடமும் ஊராட்சி மன்றத்திடமும் முன்கூட்டியே பேச வேண்டும். அன்று அரசாங்க கிளினிக்கிலிருந்து ஒரு தாதியை வரவழைத்து, மார்பகச் சுயபரிசோதனையைத் தமிழில் விளக்கச் செய்தால், நடையைவிட அந்த அரை மணி நேரம் அதிகப் பயன் தரும்.

உடலைத் தயார்ப்படுத்துதல்

பெரும்பாலான நன்கொடை நடைகள் 3 அல்லது 5 கிலோமீட்டர் தூரம் கொண்டவை. சாதாரண வேகத்தில் 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், சற்று மெதுவாக என்றால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைவரை இரதத்தின் பின்னால் நடந்து, 272 படிகளும் ஏறியவர்களுக்கு இது பெரிய தூரமல்ல. ஆனால் ஆண்டு முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்பவர், முன்தயாரிப்பு இல்லாமல் ஒரே நாளில் 5 கிலோமீட்டர் நடந்தால் மறுநாள் கால் தூக்க முடியாது.

நான்கு வாரப் பயிற்சி போதும். முதல் வாரம் நாளுக்கு 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். இரண்டாம் வாரம் 25 நிமிடம். மூன்றாம் வாரம் 35 நிமிடம். நான்காம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் முழுத் தூரத்தையும் நடந்து பார்த்துவிட்டு, நடைக்கு முந்திய இரண்டு நாள் ஓய்வெடுக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நடை நாளுக்கென்று புதுக் காலணி வாங்கிப் போடக்கூடாது. பழகிய காலணியே நல்லது. செருப்பு அணிந்து இவ்வளவு தூரம் நடப்பது குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் ஆகாது.

இனிப்புநீர் உள்ளவர்கள் முந்திய நாளே பாதங்களை நன்றாகப் பார்க்க வேண்டும். கொப்புளம், புண், வெடிப்பு இருந்தால் நடக்க வேண்டாம். ஒன்றும் சாப்பிடாமல் வரக்கூடாது. இன்சுலின் அல்லது மாத்திரை அளவை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் சிலவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே உட்கார்ந்து இனிப்பைச் சாப்பிட்டு, அருகில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். இருதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதியக்கூடாது.

சில ஆண்டுகளில் இந்த மாதங்களில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் குழந்தைகளும் அன்று நடையைத் தவிர்ப்பதே நலம்.

சிகிச்சையில் இருப்பவர்கள், மீண்டவர்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் உடம்பை அசைக்காமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பிறகு கையில் வீக்கம் வரக்கூடும் என்பதால், கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்று முன்பு சொல்லி வந்தனர். 1996ல் கனடாவின் வான்கூவர் நகரில் டாக்டர் டோன் மெக்கன்சி, நோயிலிருந்து மீண்ட பெண்களைக் கொண்டு டிராகன் படகுக் குழு ஒன்றை அமைத்துத் துடுப்புப் போட வைத்தார். அவர்களில் யாருக்கும் அதனால் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. அதன்பின் நடந்த ஆய்வுகளும், படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சி பாதுகாப்பானது என்றே காட்டின. நடைப்பயிற்சி, சிகிச்சையின்போது வரும் களைப்பைக் குறைக்கவும் உதவுகிறது.

இருந்தாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து காயம் ஆறும்வரை மருத்துவரின் அனுமதி இல்லாமல் நடையில் சேரக்கூடாது. அறுவை செய்த பக்கத் தோளில் கனமான பையை மாட்டக்கூடாது. நீண்ட நேரம் கையைத் தொங்கவிட்டு நடந்தால் விரல்கள் தடிக்கும். அவ்வப்போது கையை உயர்த்தி, விரல்களை மூடித் திறக்க வேண்டும். அழுத்த உறை அணியச் சொல்லியிருந்தால் அதை அணிந்தே நடக்க வேண்டும்.

கீமோதெரபி எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும் ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அந்த நாள்களில் கூட்டத்துக்குள் போனால் தொற்று எளிதில் பிடிக்கும். கதிரியக்கச் சிகிச்சை எடுத்த இடத்தின் தோலில் வெயில் படக்கூடாது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நடக்கவே கூடாது.

நடக்க முடியாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. தண்ணீர் வழங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். பதிவு மேசையில் உதவலாம். கடைசி 200 மீட்டர் மட்டும் சேர்ந்து நடக்கலாம்.

அங்கே எப்படிப் பேசுவது?

இத்தகைய நடைகளில், மீண்டவர்கள் பெரும்பாலும் தனி நிறச் சட்டையோ பட்டையோ அணிந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து "எப்படி வந்தது?", "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?", "எந்தப் பக்கம் எடுத்தார்கள்?" என்று கேட்பது நல்லதல்ல. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேச விரும்பினால் கேட்டுக்கொண்டு நடந்தால் போதும். அனுமதி கேட்காமல் படம் எடுத்து முகநூலில் போடக்கூடாது. தமக்கு நோய் இருந்ததைச் சம்பந்தி வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ சொல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தாயின் நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடையே இருப்பதை மறுப்பதற்கில்லை.

அந்த அச்சத்துக்கும் ஒரு பதில் உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருபவை 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. இது ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. "ஊசி குத்தி, கத்தி வைத்தால் பரவிவிடும்" என்று பயாப்சிக்குப் பயப்படுவதும் தவறு. கட்டி எந்த வகை என்று தெரியாமல் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியாது.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது

நடையினால் மட்டும் யாருடைய கட்டியும் கண்டறியப்பட்டுவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்கள் திங்கட்கிழமை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பலன் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: மார்பிலோ அக்குளிலோ கட்டி (பெரும்பாலும் வலி இருக்காது; வலி இல்லை என்பதாலேயே விட்டுவிடக் கூடாது), தோலில் குழி விழுதல், ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் கசிதல், காம்பில் ஆறாத புண். மாதம் ஒரு முறை, மாதவிலக்கு தொடங்கி ஏழு முதல் பத்து நாள்களுக்குள் தாமே தொட்டுப் பார்க்கலாம். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளலாம். கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது புற்றுநோய், எது இல்லை என்பதை விரலால் முடிவு செய்ய முடியாது; அதனால்தான் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் மலேசியர்களுக்கான கட்டணம் 1 ரிங்கிட். அங்கே மருத்துவரோ தாதியோ மார்பகத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். பெண் தாதிதான் வேண்டும் என்று கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

மெமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு இடையே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். அழுத்தும்போது சில விநாடிகள் வலிக்கலாம். அன்று பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் பூசாமல் போக வேண்டும். அவை படத்தில் புள்ளிகளாகத் தெரியக்கூடும். சேலையோ நீள உடுப்போ அணியாமல், மேல்சட்டை தனியாக உள்ள உடையில் போவது வசதி.

செலவுக்கு உதவும் திட்டங்கள் உள்ளன. சொக்சோ சந்தா செலுத்தும் தொழிலாளர்களில் 40 வயதை எட்டியவர்களுக்கு 2013 முதல் இலவச உடல்நலப் பரிசோதனைத் திட்டம் உள்ளது. பெண்களுக்கு அதில் மெமோகிராமும் அடங்கும். தோட்டத்தில் உரம் போடுபவர், மருந்து தெளிப்பவர், பால் மரம் வெட்டுபவர், தொழிற்சாலை ஊழியர் எல்லாருக்கும் இது பொருந்தும். கிராணியிடமோ மனிதவளப் பிரிவிலோ தங்கள் சொக்சோ எண்ணைக் கேட்டு, சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கலாம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் தகுதியுள்ள பெண்களுக்கு மெமோகிராம் கட்டணத்தில் உதவி வழங்குகிறது.

2019ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் உடல்நலப் பரிசோதனை இலவசம். இத்திட்டத்தின்கீழ் உள்ள புற்றுநோய் நோயாளிகள் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் 1,000 ரிங்கிட்வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் உள்ளவர்களுக்கு 500 ரிங்கிட்வரை போக்குவரத்து உதவியும் உண்டு. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும் என்பதால் போகும் முன் முகப்பிடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற 60 நாள் தனியாக உண்டு. நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை வந்தால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரிக்கலாம். கடுமையான நோய்ச் சிகிச்சைக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழி உள்ளது.

சிகிச்சை தொடங்கிய பிறகு பாதியில் நின்றுவிடுவதும் பெரிய சிக்கல். எந்தக் கட்டடம், எந்த முகப்பிடம், அடுத்த தேதி எப்போது என்று தெரியாமல் அலைந்து சலித்துப் போகிறவர்கள் பலர். இதற்காகவே மலேசியப் புற்றுநோய் ஆய்வு மையம், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வழிகாட்டும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தாதி ஒருவர் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, தேதியை நினைவுபடுத்தி, பயத்தைப் போக்கி, அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் செல்வார். அப்படி ஒருவர் துணையிருந்தபோது, சிகிச்சையைக் கைவிடுபவர்கள் குறைந்தனர். நடைகளில் திரட்டப்படும் நன்கொடை எந்த மாதிரி வேலைக்குப் போனால் பயன் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அந்தத் தாதி செய்யும் வேலையில் ஒரு பகுதியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நடைக்குப் பதியும்போதே, சோதனைக்குப் போகாமல் இருக்கும் ஒருவரின் பெயரை மனத்தில் குறித்துக்கொள்ளலாம். அது அம்மாவாக இருக்கலாம். பெரியம்மா, அண்ணி, பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். நடை முடிந்த வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, அவரை வண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், எண் எடுத்துக்கொடுத்து, அவர் வெளியே வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், ஐந்து கிலோமீட்டர் நடந்ததன் பயன் முழுமையாகும்.